டான் டேரைப் படைத்த கை

கற்பனைப் பாத்திரமொன்று பெரும் புகழடைந்துவிட்டால், அதனைப் படைத்தவன் அதன் நிழலில் மறைந்துபோவது இலக்கிய உலகிற் புதிதன்று. சேர்லொக் ஹோம்சை அறிந்தோர் அனைவரும் கொனன் டொயிலை அறிந்தோரல்லர். ஆயினும் டொயில் தம் பாத்திரத்தாற் பொருளும் பெற்றார், புகழும் பெற்றார். பொருள் கிட்டாமலும், புகழ் காலங்கடந்தே வந்து சேர்ந்தும் வாழ்ந்து மறைந்த படைப்பாளி ஒருவரைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். அவர் பெயர் பிராங்க் ஹாம்ப்சன். 1950ஆம் ஆண்டு இங்கிலாந்திற் தோன்றிய ஈகிள் என்னும் சிறுவர் வாரச் சஞ்சிகையில், டான் டேர் என்னும் விண்வெளி வீரனின் கதையைப் படைத்து, ஒரு தலைமுறைச் சிறுவரின் கனவுகளுக்கு உருவமும் வண்ணமும் கொடுத்தவர் அவர்.

சித்திரக் கதை என்ற மாத்திரத்தில் முகஞ்சுளிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே உளர். அவர்களோடு வழக்காடுதல் என் நோக்கமன்று. நான் ஓவியக்கலையின் இலக்கணங்களை முறையாகக் கற்றவனுமல்லன். பின்னாளிற் தொகுதிகளாக மறுபதிப்புப் பெற்ற டான் டேர் கதைகளைப் பலமுறை படித்துச் சுவைத்த இரசிகன், அவ்வளவே. எக்கதை சிறந்தது, எக்கதை தளர்ந்தது என்பதில் எனக்கென்று சில முடிவுகள் உண்டு. அம்முடிவுகளுக்கு வரக் காரணந் தேடியபோதுதான் ஹாம்ப்சனின் வாழ்க்கை என் கண்ணிற் பட்டது. கதைகளின் ஏற்ற இறக்கங்களுக்கும் அவர் வாழ்வின் ஏற்ற இறக்கங்களுக்கும் நெருங்கிய தொடர்பிருத்தலைக் கண்டேன். ஆதலின் இரண்டையும் ஒருசேரச் சொல்லுதலே பொருத்தமாகும்.

ஹாம்ப்சன் 1918ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், மன்செஸ்டர் நகருக்கு அண்மையிலுள்ள ஓடன்ஷோ என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பொலிஸ் உத்தியோகத்தர். குடும்பம் விரைவில் சவுத்போட் என்னும் கடற்கரைப் பட்டினத்திற் குடியேறியது. பென்சிலும் காகிதமும் கிடைத்தால் உலகை மறந்துவிடும் அச்சிறுவனின் சித்திரங்கள், அவனது பதின்மூன்றாம் வயதிலேயே மெக்கானோ சஞ்சிகையில் இடம்பெற்றன. எந்திர விளையாட்டுப் பொருள்களைச் செய்யும் கம்பனி ஒன்று நடத்திய சஞ்சிகை அது. இரும்புத் துண்டுகளையும் திருகாணிகளையும் பொருத்திப் பாலமும் பளுதூக்கியும் செய்து மகிழும் சிறுவருக்கென வெளிவந்தது. எந்தப் பொறியும் பார்வைக்கு அழகாக இருந்தாற் போதாது, இயங்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் பிடிவாதம் ஹாம்ப்சனின் பிற்காலச் சித்திரங்களிற் காணப்படுவதற்கு இத்தொடர்பும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பதினான்காம் வயதிற் பள்ளிக்கூடத்தை விட்டு நீங்கித் தபாற் கந்தோரிற் தந்திச் சேவகனாகச் சேர்ந்தார். பின்னர் உத்தியோகத்தைத் துறந்து சவுத்போட் நகரின் கலைப் பள்ளியிற் சேர்ந்து ஓவியம் பயின்றார். அப்பயிற்சி முற்றுப்பெறுமுன் இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. இராணுவத்திற் சேர்ந்த ஹாம்ப்சன் 1940இல் டன்கேர்க் கடற்கரையிலிருந்து மீட்கப்பட்டோரில் ஒருவரானார். 1944இல் டொறதி ஜக்சன் என்பவரை மணந்தார். அதே ஆண்டு நேச நாடுகளின் படையெடுப்பைத் தொடர்ந்து மீண்டும் ஐரோப்பியக் கண்டத்திற் காலடி வைத்தார். பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் துறைமுகத்தின்மீது ஜேர்மனியரின் வீ-2 ஏவுகணைகள் வந்து வீழ்ந்த காலத்தில் அவர் அங்கிருந்தார்.

இவ்விடத்திற் சற்றுத் தரித்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். நகரத்தை அழிக்க வந்த அதே கருவிதான், மனிதன் பிற்காலத்தில் விண்வெளிக்குச் செல்வதற்கான பாதையையும் திறந்தது. அழிவையும் ஆக்கத்தையும் ஒரே பொருளிற் கண்ட அந்த அனுபவம் டான் டேர் கதைகள் முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றது. அவருடைய கதைகளில் விஞ்ஞானம் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதைக் கையாளும் உள்ளமே அதன் குணத்தை நிருணயிக்கின்றது.

யுத்தம் முடிந்தபின் ஹாம்ப்சன் கலைப் பள்ளிக்குத் திரும்பினார். மனைவியையும் கைக்குழந்தையையும் காக்க வேண்டிய பொறுப்பு இருந்தது. அந்நாளிற் சவுத்போட் நகரின் பேர்க்டேல் பகுதியிற் போதகராயிருந்தவர் மார்க்கஸ் மொறிஸ். தம் திருச்சபையின் சிறு வெளியீட்டை அன்வில் என்னும் பெயரிற் பெருஞ்சஞ்சிகையாக வளர்க்க முயன்றுகொண்டிருந்த அவர், படம் வரைவதற்கு ஹாம்ப்சனை அழைத்தார். அமெரிக்காவிலிருந்து வந்த கொடூரச் சித்திரக் கதைகள் சிறுவர் மனத்தைக் கெடுக்கின்றன என்று 1949இற் பத்திரிகையில் எழுதிக் கண்டித்தவரும் மொறிஸ்தான். ஆனால் கண்டித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. சிறுவருக்குச் சித்திரக் கதையிலுள்ள விருப்பம் இயல்பானது. அதைத் தடுப்பதைவிட, அதே வடிவில் நல்லதைக் கொடுப்பதே அறிவுடைமை என்று துணிந்தார். நல்ல ஆசிரியர் எவரும் ஏற்கத்தக்க துணிபு இது.

முதலில் அவ்விருவரும் இலண்டனின் வறியோர் வாழும் கிழக்குப் பகுதியிற் தொண்டாற்றும் லெக்ஸ் கிறிஸ்டியன் என்னும் போதகரைக் கதாநாயகனாக்கிப் பத்திரிகைத் தொடர் ஒன்றைத் திட்டமிட்டனர். அதில் விருப்பங்காட்டிய பத்திரிகை ஆசிரியர் விமான விபத்தொன்றில் இறந்துபோக, அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் முழுச் சஞ்சிகை ஒன்றையே வெளியிடுவதென முடிவாயிற்று. போதகரான நாயகன் முதலில் விண்வெளிப் படையின் குருவாக மாறினான். பின்பு குருவின் அங்கியையும் களைந்து, விண்கலம் செலுத்தும் வீரன் டான் டேராக நிலைபெற்றான். அங்கி போயிற்றேயன்றி அறம் போகவில்லை. பொய் சொல்லாமை, கொடுத்த வாக்கைக் காத்தல், பகைவனையும் வீணே கொல்லாமை ஆகியன அவனிடம் இறுதிவரை இருந்தன.

ஈகிள் என்னும் பெயரைச் சொன்னவர் டொறதி ஹாம்ப்சன். தேவாலயங்களில் வேதநூலைத் தாங்கும் பீடத்திற் கழுகின் உருவம் இருப்பதைக் கண்டு அப்பெயரைத் தெரிந்தார் என்பர். மாதிரி இதழைச் சுமந்துகொண்டு மொறிஸ் இலண்டன் வெளியீட்டாளரின் வாசல்களில் ஏறி இறங்கினார். பிக்சர் போஸ்ட் சஞ்சிகையை வெளியிட்டுவந்த ஹல்ட்டன் நிறுவனம் இறுதியில் அதை ஏற்றுக்கொண்டது. 1950ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 14ஆம் நாள், வெள்ளிக்கிழமை, முதல் இதழ் வெளியாயிற்று. அதில் ஏறத்தாழ 900,000 பிரதிகள் விற்பனையாயின என்றால், அது பெற்ற வரவேற்பை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை.

முதல் இதழின் முகப்பிலேயே டான் டேரின் கதை முழு வண்ணத்திற் தொடங்கியது. கதை நிகழும் காலம் இருபதாம் நூற்றாண்டின் இறுதி. உலகம் ஒரே அரசின்கீழ் ஒன்றுபட்டுவிட்டது, யுத்தங்கள் ஓய்ந்துவிட்டன, ஆனால் உணவு போதவில்லை. சுக்கிரனிற் பயிர் விளையுமா என்று கண்டறிய விண்கலங்கள் அனுப்பப்படுகின்றன. சென்றவை அழிந்துபோகின்றன. கிங்பிஷர் என்னும் கலம் நம் கண்முன்னே அழிகின்றது. அடுத்த பயணத்திற் டான் டேரும் அவன் தோழரும் புறப்படுகின்றனர்.

விண்வெளிக் கதைக்கு உணவுப் பஞ்சத்தை வித்தாகக் கொண்டதையே ஹாம்ப்சனின் முதல் வெற்றியென நான் கருதுகின்றேன். அக்காலத்தில் இங்கிலாந்திற் பங்கீட்டு முறை நீங்கவில்லை. இனிப்புப் பண்டங்களுக்கு இருந்த கட்டுப்பாடு 1953இலும், இறைச்சிக்கு இருந்தது 1954இலுமே ஒழிந்தன. பங்கீட்டுப் புத்தகத்தோடு கடைவாசலிற் தாயுடன் வரிசையில் நின்ற சிறுவனுக்கு, உணவைத் தேடிச் சுக்கிரனுக்குச் செல்லும் வீரன் அந்நியனாகத் தோன்றியிருக்க மாட்டான். கற்பனை எவ்வளவு உயரப் பறப்பினும் அதன் கால்கள் வீட்டு அடுக்களையிற் பதிந்திருத்தல் வேண்டும் என்பதை ஹாம்ப்சன் உணர்ந்திருந்தார்.

சுக்கிரனின் நடுவே நெருப்பு வளையம் ஒன்று ஓடுகின்றது. அதன் வடக்கே பச்சை நிறத் தோலுடைய திரீன்கள் வாழ்கின்றனர். தெற்கே தெரோன்கள் வாழ்கின்றனர். திரீன்களுக்கு அறிவு உண்டு, உணர்ச்சி இல்லை. அவர்களை ஆள்பவன் மீக்கன். பூதாகாரமான தலையும் சூம்பிய உடலுமாக, அந்தரத்தில் மிதக்கும் ஆசனத்திலிருந்து அவன் கட்டளையிடுகின்றான். நான் படித்த கதைகளில் வரும் தீயோருள் இவனைப்போல் என்னை நடுங்கச் செய்தவர் சிலரே. அவன் கோபத்தாற் கொல்வதில்லை; பேராசையாலும் கொல்வதில்லை. ஆராய்ச்சிக்கு அது தேவை என்ற முடிவுக்கு வந்துவிட்டான், ஆதலாற் கொல்கின்றான். அருளற்ற அறிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, யுத்த காலத்துக் கொடுமைகளை அறிந்த ஓர் ஓவியர் சிறுவருக்கும் விளங்கும்படி காட்டிய சித்திரம் அது. அதே வேளையில் திரீன்களுள் ஒருவனான சொண்டார், அச்சம் என்னும் உணர்ச்சியை அறிந்து, பின்னர் நட்பையும் அறிந்து, டான் டேரின் தோழனாகின்றான். ஓரினம் முழுவதையும் தீயதென ஒதுக்கிவிடாத இந்நேர்மை, அக்காலச் சிறுவர் சஞ்சிகைகளில் அரிதிற் காண்பது.

பேராசிரியை பீபொடி என்னும் பாத்திரத்தையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். முதற் பயணத்தில் அவரும் செல்வதை மேலதிகாரியான சேர் ஹியூபட் கெஸ்ட் எதிர்க்கின்றார். பெண் என்பதே காரணம். ஆனால் பயணத்தின் நோக்கமாகிய உணவைப் பற்றிய அறிவு அவரிடமே உள்ளது. 1950இல் ஆண்பிள்ளைகளுக்கென வெளிவந்த சஞ்சிகையொன்றிற் பெண் விஞ்ஞானி ஒருவர் தம் தகுதியால் இடம்பெற்றது சிறு செய்தியன்று.

இனி ஹாம்ப்சனின் தொழில்முறையைப் பார்ப்போம். சவுத்போட்டின் சேர்ச்டவுன் பகுதியிற் பழைய பாண்போறணைக் கட்டிடமொன்றே அவருடைய முதற் கலைக்கூடம். ஹரல்ட் ஜோன்ஸ், எரிக் ஈடன், கிறேற்றா டொம்லின்சன், புறூஸ் கோண்வெல் முதலியோர் அங்கே உதவியாளராயினர். வாரந்தோறும் இரண்டு பக்கங்களே; ஆனால் அவ்விரண்டு பக்கங்களின் பின்னாற் பெரும் உழைப்பு இருந்தது. ஹாம்ப்சன் முதலில் ஒவ்வொரு கட்டத்தையும் வண்ணத்துடன் மாதிரியாக வரைவார். பின்னர் உதவியாளர்கள் அப்பாத்திரங்களைப்போல் நின்றும் இருந்தும் விழுந்தும் காட்ட, அவற்றைப் புகைப்படம் எடுப்பர். விண்கலங்களுக்கும் பாத்திரங்களின் தலைகளுக்கும் உருவ மாதிரிகள் செய்து, ஒளி எப்பக்கத்தில் விழுந்தால் நிழல் எப்பக்கத்தில் வரும் என்று பார்ப்பர். அதன் பின்பே இறுதிச் சித்திரம் உருவாகும். சேர் ஹியூபட் கெஸ்டின் முகம் ஹாம்ப்சனின் தந்தையாரின் முகம். பீபொடியின் முகம் டொம்லின்சனின் முகம். பிற்காலக் கதைகளில் வரும் சிறுவன் பிளேமர் ஸ்பிறைக்கு அவர் மகன் பீற்றரே மாதிரி.

தொடக்க காலத்தில் விஞ்ஞான விடயங்களில் ஆலோசனை கூறியவர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008இற் கொழும்பிற் காலமான அதே கிளார்க்தான். செய்மதிகள் மூலம் உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதிய அவ்வறிஞர், சிறுவர் சித்திரக் கதையொன்றின் பிழைகளைத் திருத்துவதைத் தமக்கு இழிவாகக் கருதவில்லை. நம்மூர்ப் படைப்பாளரும் அறிஞரும் இதை மனங்கொள்ளுதல் நன்று.

ஹாம்ப்சனிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கடினமான எசமானர். இரவு முழுதும் உழைக்கும்படி உதவியாளரை வருத்தினார்; ஒருவாறு முடிந்துவிட்ட பக்கத்தைத் திரும்ப வரையச் செய்தார். ஆனால் தம்மை அதனினும் அதிகமாக வருத்திக்கொண்டார். 1952இல் உடல்நலங் குன்றிப் படுக்கையில் விழுந்தார். புதனைக் களமாகக் கொண்ட கதையை ஜோன்சும் டொம்லின்சனும் வரைந்தனர். சாட் வரா என்னும் போதகர் எழுதினார். தற்கொலையை நாடுவோருக்கு ஆறுதல் அளிக்கும் சமாரிட்டன்ஸ் இயக்கத்தை 1953இல் நிறுவியவர் இவரே. மனிதநேயத்தில் அவருக்கு நிகரானோர் சிலர். எனினும் அப்புதன் கதையை நான் மூன்றாந்தரத்திலேயே வைப்பேன். நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை. அடுத்து வந்த சனிக்கிரகக் கதையிலும் இத்தளர்ச்சி முற்றாக நீங்கவில்லை.

இவற்றுக்கு முன் 1951இலும் 1952இலும் வெளிவந்த செஞ்சந்திரனின் மர்மம் என்னும் கதையே கட்டுக்கோப்பில் அனைத்திலும் சிறந்தது என்பது என் துணிபு. சுக்கிரன் கதை பெரியது, வளமுடையது. ஆனால் கிளை பரப்பிச் செல்வது. செஞ்சந்திரன் கதையோ ஒரே இழையாற் பின்னப்பட்டது. டான் டேரின் சிறிய தகப்பனார் ஐவர் டேர் செவ்வாயிற் புதைபொருள் ஆராய்பவர். அங்கே முன்னொரு காலத்தில் வாழ்ந்து அழிந்த நாகரிகம் ஒன்றின் சுவடுகளை அவர் ஆராய்கின்றார். அந்நாகரிகத்தை அழித்த செந்நிறச் சந்திரன் மீண்டும் வருகின்றது, அடுத்தது பூமி. இங்கே மீக்கன் இல்லை. பகைவன் எவனும் இல்லை. பழைய சுவடியைப் படித்தறிதலும் ஆராய்ந்து தெளிதலுமே மனிதனைக் காக்கின்றன. வரலாற்று ஆசிரியர் ஒருவர் இக்கதையை மாணவர் கையிற் கொடுத்தால், இறந்தகாலத்தை ஏன் படிக்க வேண்டும் என்னும் கேள்விக்கு வேறு விடை கூறத் தேவையிராது.

1955 முதல் 1958 வரை தொடர்ந்த மூன்று கதைகள் அவர் கலையின் உச்சியைக் காட்டுகின்றன. அறியாத உலகொன்றிலிருந்து வந்த கலம் பூமியின் கடலில் வீழ்கின்றது. அதில் வந்தோரின் வேண்டுகோளை ஏற்று டான் டேர் கிறிப்டொஸ் என்னும் தொலைக் கோளுக்குச் செல்கின்றான். அங்கே போரிட அறியாத சாந்த இனம் ஒன்றும், அதை அழிக்க எழும் முரட்டு இனம் ஒன்றும் உள்ளன. அவர்களிடையே தன் கடமையை முடித்துத் திரும்பினால், பூமியிற் பத்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. மீக்கன் எந்திர மனிதரைக் கொண்டு பூமியை அடிமைப்படுத்திவிட்டான். பிறர் வீட்டைக் காக்கச் சென்றவன் தன் வீட்டை இழந்து நிற்கும் அந்தக் கட்டமும், ஆளரவமற்ற இலண்டன் வீதிகளும் என் மனத்தை விட்டு அகலாதவை. இக்காலத்திற் டொன் ஹார்லி என்னும் உதவியாளரின் கைவண்ணம் சிறப்பாக விளங்கியது. அவர் பெயரும் பக்கத்தின் அடியில் ஹாம்ப்சனின் பெயரோடு சேர்ந்து வந்தது. வேலையிற் கடுமை காட்டியவர் புகழைப் பகிர்வதிற் கருமித்தனம் காட்டவில்லை.

இத்துணை உழைப்பின் பயன் எவரைச் சென்றடைந்தது? டான் டேரின் பெயரால் விளையாட்டுத் துப்பாக்கிகள் விற்பனையாயின, கைக்கடிகாரங்கள் விற்பனையாயின. 1951 முதல் 1956 வரை லக்சம்பேர்க் வானொலியில் அவன் கதை நாடகமாக ஒலித்தது. ஆனால் பாத்திரத்தின் உரிமை வெளியீட்டு நிறுவனத்துக்கே உரியதாயிருந்தது. ஹாம்ப்சன் சம்பளத்துக்கு வேலை செய்தவர். தாம் பெற்ற பிள்ளையின் திருமணத்திற்கு அழைப்பின்றி வாசலில் நின்ற தகப்பனின் நிலை அவருடையது. கதையைத் திரைப்படமாக்க வேண்டும் என்னும் அவா அவருக்கிருந்தது. அதை நிறைவேற்றும் அதிகாரம் இருக்கவில்லை.

1959இல் ஹல்ட்டன் நிறுவனம் ஓடம்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. மொறிஸ் ஈகிளை விட்டு நீங்கினார். புதிய உடைமையாளருக்கு அப்பெரிய கலைக்கூடமும் அதன் செலவும் வீண் ஆடம்பரமாகத் தோன்றின. டான் டேர் தன் காணாமற்போன தந்தையைத் தேடிச் செல்லும் கதை நடந்துகொண்டிருந்தபோது, அதனை இடைநடுவில் விட்டு ஹாம்ப்சன் விலகினார். பிராங்க் பெலமி என்னும் வேறோர் ஓவியரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. பெலமியின் திறமையில் எனக்கு ஐயமில்லை. அவர் தூரிகையின் வேகம் வியக்கத்தக்கது. ஆனால் கலங்களையும் உடைகளையும் புதிதாக மாற்றும்படி மேலிடத்தார் பணிக்க, ஒன்பது ஆண்டுகளாக வாசகர் மனத்திற் குடியிருந்த உலகம் கலைந்தது. தேடிச் சென்ற தந்தை இறந்துபோனதாகக் கதை பின்னர் முடிந்தது. தந்தையைத் தன் பாத்திரங்களுள் ஒருவராக்கி வாழவைத்த ஓவியரின் கையிற் அம்முடிவு அமைந்திருந்தால் எவ்வாறிருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

ஈகிளில் ஹாம்ப்சன் வரைந்த இறுதிப் பெரும்படைப்பு இயேசுநாதரின் வாழ்க்கைச் சித்திரம். 1961ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுக் காலத்தில் அது நிறைவெய்தியது. விண்கலங்களை வரைவதிற் காட்டிய அதே நேர்மையை யெருசலேமின் கல்லிலும் மண்ணிலும் காட்டினார். சமய வேறுபாடின்றி எவரும் பார்த்து வியக்கத்தக்க சித்திரங்கள் அவை.

அதன்பின் சித்திரக் கதை உலகம் அவரை இழந்தது. விளம்பரப் படங்களை வரைந்தார்; லேடிபேர்ட் நிறுவனத்தின் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்தார். 1970இற் புற்றுநோய் அவரைப் பற்றியது. சிகிச்சை பெற்றுத் தேறினார். பின்னர் இயூவெல் என்னும் ஊரிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் வரைகலைப் பகுதியின் உதவியாளராகப் பணிபுரிந்தார். 1975இல் இத்தாலியின் லூக்கா நகரில் நடைபெற்ற அனைத்துலகச் சித்திரக் கதை மகாநாட்டில், யுத்தத்துக்குப் பின் தோன்றிய படைப்பாளருள் தலைசிறந்தவர் என அவரைப் பாராட்டிப் பரிசளித்தனர். சொந்த நாட்டில் மறக்கப்பட்டவரைப் பிறநாட்டார் தேடிப் பிடித்து மேடையேற்றினர். அவரோ மாணவனாகும் ஆசையையும் விடவில்லை. அறுபது வயதை அடைந்தபின், 1979இல், திறந்த பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். பதினான்கு வயதிற் பள்ளியை விட்ட தந்திச் சேவகன் பட்டதாரியானான். 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் நாள் எப்சம் நகரில் அவர் வாழ்வு நிறைவுற்றது.

டான் டேரோ இறக்கவில்லை. கீத் வொட்சன் என்னும் ஓவியர் 1962 முதல் பழைய உருவத்தை மீட்டு, 1967 வரை அன்போடு வரைந்தார். ஈகிள் 1969இல் நின்றது. 1977 பெப்ரவரியில் 2000 ஏ.டி. என்னும் விஞ்ஞானக் கதை வாரச் சஞ்சிகை தொடங்கியபோது, வாசகரை ஈர்க்க டான் டேரையே மீண்டும் அழைத்தனர். இரு நூற்றாண்டுகள் உறங்கி விழித்தவனாக அவன் வந்தான். பெலார்டினெல்லி என்னும் இத்தாலிய ஓவியர் வரைந்த அயலுலக விலங்குகளும் கலங்களும் விந்தையானவை, கண்ணைப் பறிப்பவை. ஆனால் அங்கே வந்தவன் வேறொருவன். கைமுட்டியை முதலிலும் மூளையைப் பின்னரும் பயன்படுத்துபவன். பெயர் மட்டும் பழையது. அச்சஞ்சிகைக்கே சொந்தமான பாத்திரங்கள் பல சிறப்பாக வளர்ந்தன என்பதை மறுக்கேன். இரவற் பெயரொன்றைச் சுமந்த இக்கதை அவற்றோடு ஒப்பிடத் தகாதது. ஒரு பாத்திரத்தின் பெயரை விலைக்கு வாங்கலாம், அதன் உயிரை வாங்க இயலாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

ஹாம்ப்சன் வரைந்த சுக்கிரன் பொய்த்துப்போயிற்றே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 1962இல் அமெரிக்காவின் மரினர்-2 அக்கோளை அணுகிச் சென்றபோது அதன் கொடிய வெப்பம் தெரியவந்தது. 1970இற் சோவியத்தின் வெனேரா-7 அங்கே இறங்கி அதனை உறுதிசெய்தது. ஈயமும் உருகும் அவ்வெப்பத்திற் காடுமில்லை, பயிருமில்லை. கதை கூறிய ஆண்டுகளும் கடந்துவிட்டன, உலகம் ஒன்றுபடவில்லை. ஆயினும் கதை பழுதாகவில்லை. அறிவோடு அருளும் சேர வேண்டும் என்று கூறிய பகுதி எந்த விண்கலத்தாலும் பொய்ப்பிக்கப்படவில்லை.

இன்று சவுத்போட் நகரில் வெண்கலத்தில் ஒரு சிலை உண்டு. அது டான் டேரின் சிலை. பாத்திரத்துக்குச் சிலை எழுந்தது தகும். அதைப் படைத்தவருக்கும் அதுவே நினைவுச்சின்னம் என்று கூறி அமைதி கொள்வோரும் உளர். எனக்கு அவ்வமைதி வரவில்லை. கலைஞனின் உழைப்பைச் சம்பளத்துக்கு வாங்கியவர்கள் அவன் கனவையும் சேர்த்து வாங்கிவிட்டதாக எண்ணுவது அநீதி. அந்த அநீதியை மாற்றும் சட்டங்களை இயற்றும் வலிமை வாசகரிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் படைத்தவனின் பெயரை மறவாதிருக்கும் வலிமை உண்டு. பிள்ளையொன்று சித்திரத்தைக் கண்டு மகிழும்போது, இதை வரைந்தவர் யார் என்று கேட்கப் பழக்குவதும் கல்வியின் ஒரு கூறே. அவ்வாறு கேட்கத் தெரிந்த தலைமுறையிற் டான் டேரின் பெயரோடு ஹாம்ப்சனின் பெயரும் சேர்ந்தே ஒலிக்கும்.